சாவியை விடாத புவனேசன் அண்ணன்

புவனேசன் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் லோரி கம்பெனியின் ஆபீஸ் சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. அதில் நடு மேசை அவருடையது. கீழே லோரி வந்து நின்றதும் எழுந்து ஜன்னலைத் திறந்து, "என்னாய்யா, கோலா கெடாவுக்கு மீன் ஏத்தப் போனியா, மீன் பிடிக்கப் போனியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி டிரைவரிடம் கத்துவார். எதிர்க்கடைச் சீனருக்கு எங்கள் கம்பெனி விஷயங்கள் எங்கள் முதலாளிக்கு முன்பே தெரிந்துவிடும் என்றால் அதற்கு இவர்தான் காரணம்.

பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு இந்தக் கம்பெனியில் ஐஸ் லோரிக்குக் கிளிண்டானாகச் சேர்ந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை அது. "கோத்தா கோலா மூடாவுல ஐஸ் கட்டி இறக்கி இறக்கி வெரலு மரத்துப்போச்சு, அதனாலதான் பேனா புடிக்கப் பழகுனேன்" என்பார். பழைய முதலாளி அவரை மாடிக்குக் கூப்பிட்டு பில் போடுகிற கிராணியாக உட்கார வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "தேவகி, இங்க சம்பளம் கம்மி, சிரிப்பு ஜாஸ்தி லா, யோசிச்சுக்க." நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சரஸ்வதி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிப் பதிகம் பாடுவதும் அவர்தான். சுருதி சேராது. சம்பளக் கணக்குப் பார்க்கிற பிரேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "சிரிக்கிறவங்களுக்குச் சுண்டல் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போவார்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. எங்களில் யாருக்குத்தான் இல்லை? தே ஓ கோசோங் என்று சீனியில்லாத தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கூடவே ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பிசாங் கோரேங்கைத் தின்கிற ரகம் அவர். எண்ணெயில் பொரித்த வாழைப்பழத்தில் சர்க்கரை ஏது என்று எங்களிடமே வாதாடுவார். கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ப் பார்த்தபோது, "இனிமே ஒரு ஜோடி சப்பாத்து வாங்குனா ஒண்ணு மிச்சம்" என்றார். பிரேமாவதி வெளியே போய் அழுதாள். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. எதற்கெடுத்தாலும் சிரிப்புக் காட்டுகிறவர்களிடம் எப்படித்தான் துக்கம் விசாரிப்பது?

பொய்க்கால் பொருத்திக்கொண்டு வேலைக்குத் திரும்பி வந்தார். தட்டையான தரையில் கைத்தடி ஊன்றி நன்றாகவே நடந்தார். ஆனால் கடைவீட்டு மாடிப்படி இருக்கிறதே, அது ஏணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஆடுகிற கம்பி. இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டார்.

இப்போதைய முதலாளி ஜெயகுமார், பழைய முதலாளியின் மகன். பள்ளிக்கூடக் காற்சட்டையோடு இவரிடம் ஐஸ்கிரீம் கேட்டு நின்ற பையன். கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் மட்டும் வாய் முன்னால் போய்விடும், மூளை ஆற அமரப் பின்னால் வரும். அவர் கீழ்த்தளத்தின் பின் அறையைக் காலி செய்யச் சொன்னார். தார்ப்பாயும் பழைய டயரும் அடுக்கிவைத்திருந்த அறை அது. அதில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன் வைத்தாயிற்று. டிரைவர்களின் வருகைப் பதிவு மெஷினுக்காக ஏற்கெனவே ஒரு நெட்வொர்க் வயர் மாடியிலிருந்து அங்கே இறங்கியிருந்தது.

அப்புறம்தான் சாவிப் பிரச்சினை வந்தது. நாங்கள் பில் போடுகிற, கணக்கெழுதுகிற சாஃப்ட்வேருக்கு ஒரு யூஎஸ்பி சாவி உண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். கம்பெனி வாங்கியது ஒன்றே ஒன்று. மாடியில் இருந்தவரை, வேண்டியவர் பிடுங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்வோம். இப்போது அண்ணன் கீழே, சாவி மேலே. முதல் வாரம் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கியது நான். கால் போனது அவருக்கு, முட்டி போனது எனக்கு என்று அவரிடமே சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற யோகேந்திரனைக் கூப்பிட்டோம். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நீட்டு யூஎஸ்பி வயர் இழுத்தா வேலைக்கு ஆகாதுக்கா. அஞ்சு மீட்டரத் தாண்டுனா சாமான் இருக்குறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது" என்றான். பிறகு ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து மாடியில் நெட்வொர்க் வயர்கள் கூடுகிற இடத்தில் மாட்டினான். சாவியை அந்தப் பெட்டியில் செருகினான். சரக்குச் சீட்டு அடிக்கிற பழைய பிரிண்டரையும் அதிலேயே சேர்த்தான். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு புரோகிராம் போட்டான்.

"இனிமே யாரும் பிடுங்க வேணாம், தூக்கிட்டு ஓட வேணாம். புரோகிராமைத் திறந்து சாவி மேல கிளிக் பண்ணுங்க. உங்க கம்ப்யூட்டர்லயே செருகியிருக்குற மாதிரி வேலை செய்யும். மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் ஒண்ணுதான்."

"எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க போலேயா?" என்று பிரேமாவதி கேட்டாள்.

"தா போலே, முடியாது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான். ஒருத்தர் வச்சிருந்தா மத்தவங்களுக்குச் சாவி இல்லன்னுதான் வரும். வேலை முடிஞ்சா விட்டுடணும். விட்டாத்தான் அடுத்தவங்க எடுக்க முடியும்."

ஜெயகுமார் அண்ணனிடம் தன்மையாகத்தான் சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாப்போம்ண்ணே. மேல உள்ளவங்க வேலைக்குச் சூசா, தொந்தரவு இல்லன்னா நீங்க பாட்டுக்கு இருங்க. சரியா வரலன்னா பெர்கேசோவுக்கு எழுதிப் போட்டுட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க." வேலை செய்ய முடியாதவர்களுக்குப் பெர்கேசோ மாதாமாதம் பென்ஷன் கொடுக்கும். அண்ணன் தலையாட்டினார். அன்று மாலை வாசலில் என்னைப் பிடித்துவைத்து, "வீட்ல உக்கார வச்சிட்டாங்கன்னா நான் செத்துருவேன்மா" என்றார். அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் எல்லாம் சரியாக நடந்தது. அதன் பிறகு சாவி சிக்கிக்கொள்ளத் தொடங்கியது. நான் கணக்கைத் திறக்கப் போனால், சாவி இல்லை என்று வரும். கீழே போன் போடுவேன். "அண்ணே, வச்சிருக்கீங்களா?" "ஆமாம்மா, இந்தா விடுறேன். ஆமா, சாப்புட்டியா? மேல என்னா சத்தம் இப்ப?" பத்து வார்த்தை பேசாமல் விடமாட்டார். மறுபடி ஒரு மணி நேரத்தில் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒருநாள் போனையும் எடுக்கவில்லை. நான் தடதடவென்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். பில் பக்கம் திறந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்னாண்ணே இது, சும்மாவே புடிச்சு வச்சிருக்கீங்க?"

"வா வா, உக்காரு. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த யான் ஊரு நெல்லு மில்லுக்காரரு மகளுக்குக் கல்யாணமாமே?"

உட்கார வைத்துக் கதை பேசினார். நானும் நெளிந்துகொண்டே கேட்டேன். மேலே வந்தபோது என் வேலை அப்படியே கிடந்தது. எரிச்சலாக இருந்தது. சம்பளக் கணக்கு முடிகிற நாளில் பிரேமாவதிக்கும் இதே கதி ஆனபோது அவள் பொறுக்க முடியாமல் ஜெயகுமாரிடம் சொல்லிவிட்டாள். அவர் போனை எடுத்து அண்ணனிடம் பேசினார். ஒரு வாரம் சரியாக இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

தீபாவளி நெருங்குகிறது என்பது எங்களுக்கே பயமாக இருந்தது. அந்த மனிதருக்கு மட்டும் பயமே இல்லையா என்று நான் பொருமினேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்று வீட்டில்கூடப் புலம்பினேன்.

ஆயுத பூஜை வந்தது. லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கீழே வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். அதில் அண்ணன் நின்றார். பிறகு நாங்கள் மாடிக்குப் போனோம். லோரிச் சாவிகள், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், முத்திரைக் கட்டை எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன்னால் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பதிகத்தைப் பிரேமாவதி போனில் போட்டாள். சுருதி சுத்தமாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே அண்ணனுக்குச் சுண்டலும் பொரியும் தட்டில் அனுப்பினோம்.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஜெயகுமாருக்குத் திடீரென்று ஞானோதயம். "கம்பெனிக்கே முக்கியமான ஆயுதத்த விட்டுட்டீங்களே" என்று போய் அந்த யூஎஸ்பி சாவியைப் பெட்டியிலிருந்து உருவி வந்தார். தண்ணீராகக் குழைத்திருந்த சந்தனத்தை எடுத்து, முன்னும் பின்னும் பட்டையாகத் தீட்டி, நடுவில் குங்குமமும் வைத்துப் படத்தின் காலடியில் வைத்தார். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை அவரே வந்து அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் செருகினார். மீன் கம்பெனிக்கு மதியத்துக்குள் பில் போக வேண்டும். டிரைவர்களுக்குத் தீபாவளி போனஸ் கணக்கு முடிக்க வேண்டும். நான் சாஃப்ட்வேரைத் திறந்தேன். சாவி இல்லை என்று வந்தது. பிரேமாவதிக்கும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

ஜெயகுமார் பார்த்துவிட்டார். போனை எடுத்தார். "அண்ணே, விடுங்கண்ணே." அந்தப் பக்கம் என்னவோ சொல்கிறார். "இல்லன்னா எப்படி இல்ல? தினம் இதே கதைதானே? நல்ல நாளும் அதுவுமா... முடியலன்னா வீட்லயே இருங்கண்ணே! தீபாவளி வரைக்கும்கூட வேணாம்!" என்று போனை அடித்து வைத்தார். பிறகு சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நடுவில் மேசைப் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது. ஏதோ மூட்டையைப் படிப்படியாக இழுத்து ஏற்றுகிற மாதிரி இருந்தது. நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். புவனேசன் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் பின்னால் மேல்படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி, ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். அடுத்த படிக்கு ஏறினார். கைத்தடியைக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் செருகியிருந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. நான் கைகொடுக்கப் போனேன். "தொடாத" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மேலே வந்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்று, தடியை ஊன்றிக்கொண்டு ஜெயகுமாரைப் பார்த்தார்.

"எங்கிட்ட இல்ல தம்பி. போன்ல சொன்னா நம்ப மாட்ற. அதான் நேர்ல வந்து சொல்றேன். மத்த நாள்ல வச்சிருந்தேன், இல்லேங்கல. வேலை இல்லாமலும் வச்சிருந்தேன். வச்சிருந்தாத்தான் யாராச்சும் கூப்புடுறீங்க. விட்டுட்டா ஒரு நாள் பூரா அந்தப் போன் அடிக்கிறதில்ல. ஆனா இன்னைக்கு எங்கிட்ட இல்ல."

நான் பெட்டி இருக்கிற இடத்துக்குப் போனேன், அங்கே நிற்க முடியாமல்தான் போனேன். சாவி செருகியிருந்தது. அதில் எப்போதும் எரிகிற விளக்கு எரியவில்லை. உருவிப் பார்த்தேன். உலோக வாய்க்குள் சந்தனம் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. ஓரத்தில் குங்குமம் வேறு. கொண்டுவந்து ஜெயகுமாரின் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போய்விட்டது.

"நான்தான் வச்சேன்" என்றார். பிறகு எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்கண்ணே. அந்தத் தீபாவளிப் பேச்ச மறந்துருங்க. நீங்க விரும்புற வரைக்கும் இருங்க."

"மொதல்ல ஒரு நாற்காலி குடுய்யா, நிக்க முடியல" என்றார் அண்ணன்.

அவருடைய பழைய நடு மேசை மேல் ஃபைல்களும் பொரிப் பொட்டலங்களும் குவிந்திருந்தன. பிரேமாவதி அவசர அவசரமாக வாரித் தரையில் போட்டு அவரை உட்கார வைத்தாள். யோகேந்திரனுக்குப் போன் போட்டேன். ரோசாக் ஆகி, கெட்டுப்போயிருக்காது, ஸ்பிரிட் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் காயவைத்துப் போடுங்கள் என்றான். ஜெயகுமாரே உட்கார்ந்து தேய்த்தார். "நல்லாத் தேயி தம்பி, சரஸ்வதி கோச்சுக்கப் போறா" என்று அண்ணன் சொன்னதும் பிரேமாவதிதான் முதலில் சிரித்தாள். காய்ந்ததும் செருகினோம். விளக்கு எரிந்தது.

மீன் கம்பெனி பில் பூஜைக்கு முன்பே பாதி அடித்தபடி அண்ணனின் கம்ப்யூட்டரில் கிடந்தது. "தேவகி, நீ போயி முடிச்சிரும்மா. நான் எறங்குறதுக்குள்ள அந்த மீன்காரனுங்க வேற லோரி கம்பெனிக்கு மாறிப் போயிருவானுங்க" என்றார். நான் இறங்கிப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த அறையில் ஜன்னல் இல்லை. டயர் நாற்றம் இன்னும் போகவில்லை. சாவியை எடுத்துப் பில்லை முடித்து அனுப்பினேன். மேலே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ நடந்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அண்ணன் ஏதோ சொல்லியிருப்பார். சிரிப்பு நன்றாகக் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்கவில்லை. நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்துவிட்டது, சாவியை விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்தேன். மேலே இன்னொரு முறை சிரித்தார்கள். போன் அடிக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரேமாவதி போனஸ் கணக்குக்குக் காத்திருப்பாளே என்று நினைவு வந்த பிறகுதான் சாவியை விட்டேன்.

மேலே வந்து நேராக ஜெயகுமாரிடம் போனேன்.

"பாஸ், நாளைக்கு என் மேசையைக் கீழ எறக்கிருங்க. சாவி எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு யோகேந்திரன் சொன்னான்ல. ஆளுக்கும் அதேதான்."

"அங்க ஒரு ஜன்னல்கூட இல்லக்கா."

"அண்ணன அங்க வைக்கும்போது அது தெரியலியா?"

அவர் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஜன்னல் ஒண்ணு போடச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

புவனேசன் அண்ணன் நடு மேசையிலிருந்து திரும்பினார். "எனக்காக ஒண்ணும் நீ எறங்க வேணாம்மா. பாவம் பாக்குற வேலையெல்லாம் எனக்கு ஒத்து வராது."

"யாரு பாவம் பாத்தா? இங்க ஏர்கோன் எனக்கு ஒத்துக்கல. முட்டி வலிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்புக் காட்டவில்லை.

"கீழ உக்காந்து பாத்துட்ட, இல்ல?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.